‘அவர்கள்’ என்றால் யார்? – வாசகர் கேள்வி பதில்

சதிக் கதைகள் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கடிதமும் குரல் பதிவுமாக நிறைய வந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்குமே ஊர் மட்டும் போடுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கின்றன. எங்கள் தெருவில் எல்லாரும் அதைப் பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். ‘ஏழைகளைக் கொல்லும் திட்டம்’ என்று வீடியோவும் வந்தது. பிள்ளைகளுக்கு வடித்துப் போடவே பயமாக இருக்கிறது. சாப்பிடலாமா, கூடாதா?
– இல்லத்தரசி, பண்ருட்டி

சாப்பிடலாம் அம்மா, அது பிளாஸ்டிக் இல்லை.

கொஞ்சம் அரிசியை முறத்தில் பரப்பிப் பாருங்கள். லேசாக மஞ்சளோடி, கண்ணாடி மாதிரி இல்லாமல் மங்கலாக, விளிம்பு மழுங்கி, ஒன்றுபோல் ஒரே அளவில் சில மணிகள் தெரியும். அவைதான் செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் விட்டு மறுபடியும் அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுக்கிறார்கள். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் அதைக் கலக்கிறார்கள். மாவைப் பிழிந்து செய்ததால் கெட்டித்தன்மை வேறு மாதிரி இருக்கும், அதனால்தான் சில மணிகள் மிதக்கின்றன. சந்தேகம் தீரவில்லை என்றால் மிதந்ததை மட்டும் அள்ளி ஒரு தட்டில் நசுக்கி, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும், பிளாஸ்டிக் மாறாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே செய்து காட்டிவிடுவார்கள். இன்னொன்றும் யோசியுங்கள். ஒரு கிலோ பிளாஸ்டிக் குருணை ஒரு கிலோ அரிசியை விட விலை கூட. நஷ்டப்பட்டு யார் கலப்படம் செய்வார்கள்?

ஆனால் உங்களிடம் இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. 2021 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி செங்கோட்டையிலிருந்து பிரதமர் அறிவித்த திட்டம் இது. மூட்டையில் செறிவூட்டியது என்பதற்கான ‘பிளஸ் எஃப்’ முத்திரை இருக்கும், ஆனால் கடையில் அளந்து பையில் கொட்டும்போது அந்த முத்திரையை யார் பார்க்கிறார்கள்? அரிசியில் ஒரு மாற்றம் செய்தால், சமைக்கிற பெண்களின் விரலுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிடும். அவர்களிடம் சொல்லாமல் செய்ததால் அந்த இடத்தில் வீடியோக்காரன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

இதில் பெரிய கெடுதல் ஒன்று நடந்துவிட்டது. இந்த அரிசி பற்றிக் கேட்க வேண்டிய உண்மையான கேள்விகள் உண்டு. தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை போன்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்புச் சத்து ஒத்துக்கொள்ளுமா என்பது அதில் முக்கியமானது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இதற்காகப் பையின் மேல் எச்சரிக்கை வாசகம் போடச் சொல்லியிருந்தார்கள், பிறகு அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த நோய் உள்ளவர்கள் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ‘ஏன் எடுத்தீர்கள், எந்த ஆய்வை வைத்து எடுத்தீர்கள்’ என்று நாம் அரசைக் கேட்டிருக்க வேண்டும், ஊரே கேட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் கதை கிளம்பியதும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் போனது. ‘பிளாஸ்டிக் இல்லை’ என்று ஒரு வரி மறுப்பு கொடுத்துவிட்டு அதிகாரிகளும் சுலபமாக நகர்ந்துவிட்டார்கள்.

ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று கூகுளில் தேடுவதற்கு முன்னால், அது எழுதப்பட்டிருக்கும் விதத்தை வைத்தே சந்தேகப்பட முடியுமா?
– கல்லூரி மாணவர், கடலூர் மஞ்சக்குப்பம்

முடியும் தம்பி. நிச்சயமாகப் பொய் என்று தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனால் கை தானாக நிற்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளலாம்.

2016 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா, அப்போது நீங்கள் சின்னப் பையன். பண மதிப்பிழப்பு வந்து, ஏ.டி.எம். வாசலில் நாம் எல்லாரும் நின்ற அந்த வாரத்திலேயே, புது 2000 ரூபாய் நோட்டில் நானோ ஜி.பி.எஸ். சிப் இருக்கிறது, மின்சாரமே தேவையில்லை, பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் போகும் என்று ஒரு செய்தி பறந்தது. டி.வி.யில் கூடச் சொன்னார்கள். ரிசர்வ் வங்கி அப்படி எதுவும் இல்லை என்றது. ‘இல்லை என்றுதான் சொல்வார்கள், சொன்னால் கறுப்புப் பணக்காரன் உஷாராகிவிடுவானே’ என்று அதற்கும் பதில் தயாராக இருந்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். மறுத்தால் மறைக்கிறார்கள், ஒப்புக்கொண்டால் உண்மை, பேசாமல் இருந்தால் மௌனம் சம்மதம். எது நடந்தாலும் கதை ஜெயிக்கிறது. எந்தச் சாட்சி வந்தால் இந்தக் கதை தோற்கும் என்று அதற்குள்ளேயே ஒரு வழி இருந்தால்தான் அது சோதித்துப் பார்க்கத் தக்க பேச்சு. அந்த வழியையே அடைத்துவிட்டுத்தான் சதிக் கதை ஆரம்பிக்கிறது.

அடுத்தது ஆள். இந்தச் செய்திகளில் ‘அவர்கள்’ வருவார்கள், ‘ஒரு பெரிய சக்தி’ வரும், ‘மேலிடம்’ வரும். ‘மறைக்கப்பட்டது’, ‘திட்டமிட்டு அழிக்கப்பட்டது’ என்று வினைச்சொல் இருக்கும், செய்தது யார் என்று இருக்காது. உண்மையான ஊழல் புகாரைப் படித்துப் பாருங்கள். இந்தப் பதவியில் இருந்தவர், இந்தத் தேதியில், இந்தக் கோப்பில், இவ்வளவு தொகைக்குக் கையெழுத்துப் போட்டார் என்றுதான் அது இருக்கும். பெயர் சொன்னால் வழக்கு வரும் என்ற பயத்தோடும் பொறுப்போடும் எழுதியிருப்பார்கள். ‘அவர்கள்’ மீது வழக்குப் போட முடியாது, ‘அவர்கள்’ வந்து மறுக்கவும் மாட்டார்கள்.

அப்புறம் கேள்விக்குறி. ‘நான் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்கிறேன்’, ‘இது தற்செயலா?’, ‘ஏன் எந்த மீடியாவும் வாய் திறக்கவில்லை?’ இதெல்லாம் கேள்வி வேஷம் போட்ட முடிவுகள். நிஜமாகவே கேள்வி கேட்கிறவர் பதில் வந்தால் காது கொடுப்பார். அவரிடம் பதிலைச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தேதியும் இருக்காது. ‘நேற்று இரவு’ என்று இருக்கும், அந்த நேற்று மூன்று வருஷமாக நேற்றாகவே சுற்றும். ‘ஒரு ஜப்பான் விஞ்ஞானி’ இருப்பார், அவருக்குப் பெயரோ பல்கலைக்கழகமோ இருக்காது. ‘கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் நண்பர்’ இருப்பார், அந்த நண்பர் ஒரே நேரத்தில் முப்பது மாவட்டத்திலும் வேலை பார்ப்பார். கடைசியில் ‘டெலீட் ஆவதற்குள் பகிருங்கள்’, ‘உண்மையான தமிழனாக இருந்தால் ஷேர் செய்’ என்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நிதானமாகப் படித்தால் தாங்காது என்று எழுதியவருக்கே தெரியும், அதனால்தான் அந்த அவசரம்.

இது எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, அந்தச் செய்திகள் படிக்கிறவரைப் புகழ்கிற விதம். ‘யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்’ என்கிறது. நாள் முழுக்க ஆபீஸிலும் கடையிலும் யாராலும் மதிக்கப்படாத ஒரு மனிதனிடம் ‘உலகமே ஏமாந்துவிட்டது, நீ மட்டும் ஏமாறவில்லை’ என்று சொன்னால் அவர் எப்படி உதறுவார்? அவரைக் கிண்டல் செய்வதால் ஒரு பயனும் இல்லை.

2023 மே மாதம் அந்த 2000 ரூபாய் நோட்டையே திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. சிப் என்ன ஆயிற்று என்று செய்தியைப் பரப்பியவர்களில் ஒருவர் கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை. சதிக் கதைகளுக்குக் கணக்கு முடிக்கும் பழக்கமே கிடையாது.

2004 சுனாமி இயற்கையாக வந்ததில்லை, அமெரிக்காக்காரன் ‘ஹார்ப்’ என்ற மெஷினை வைத்துக் கடலைக் கிளப்பினான் என்று ஒரு வீடியோ பார்த்தேன். என் தங்கச்சியை அதில் பறிகொடுத்தவன் நான். நிஜத்தைச் சொல்லுங்கள்.
– மீனவர், தேவனாம்பட்டினம்

அண்ணே, உங்கள் கேள்வியை நான் அவசரமாகப் படிக்கவில்லை. நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். இவ்வளவு பெரிய இழப்புக்கு யாரோ ஒருவன் காரணமாக இருந்தே தீர வேண்டும் என்று மனசு தேடுவதில் தப்பே இல்லை.

ஹார்ப் என்பது அலாஸ்காவில் ககோனா என்ற இடத்தில் இருக்கும் வானொலி ஆய்வு நிலையம். வானத்தின் மேல் அடுக்கை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பிப் பார்க்கும் இடம். அதன் முழுத் திறன் 3.6 மெகாவாட். அந்த முழுத் திறனுக்கே அது 2007இல்தான் வந்தது, சுனாமி வந்தபோது அந்த நிலையத்தை முழுசாகக் கட்டி முடித்திருக்கவில்லை. 2015இல் அதை அலாஸ்கா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்த அலைகள் பூமிக்குள் ஆழமாக இறங்கவும் செய்யாது. நிலநடுக்கம் பிறந்ததோ சுமத்ராவுக்குப் பக்கத்தில், கடல் தரைக்கும் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில், 9.1 ரிக்டர் என்று சொல்கிற அளவில். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் பூமித் தட்டு கிழிந்தது. கடலூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் தூரத்தை விட அதிகம்.

இதே மாதிரி முன்னாலும் வந்திருக்கிறது. தாய்லாந்துக் கரையில் பள்ளம் தோண்டி மண் அடுக்குகளைப் பார்த்தவர்கள், சுமார் 600 வருஷத்துக்கு முன்னால் இதே அளவு சுனாமி மணலைக் கொண்டுவந்து கொட்டிய தடத்தைக் கண்டு 2008இல் எழுதினார்கள். அப்போது எந்த மெஷினும் இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்குப் பக்கத்தில் 8.6 அளவில் இன்னொரு நடுக்கம் வந்ததும், நம் கரையோர ஊர்களில் ஜனங்கள் மேட்டுக்கு ஓடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய அலை வரவில்லை. 2004இல் கடல் தரை மேலும் கீழுமாக அசைந்து தண்ணீரைத் தூக்கிவிட்டது, 2012இல் பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை அந்த வீடியோ உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. நம் கரையை அலை தொட அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நமக்கு முன்னால் கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளத்தையே அலை அடித்துவிட்டது. பசிபிக் கடலுக்கு 1949லிருந்தே எச்சரிக்கை மையம் உண்டு, இந்தியப் பெருங்கடலுக்கு அன்றைக்கு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வார்த்தை வந்து சேரவில்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அலாஸ்காவில் இல்லை, இங்கேயே இருந்தார்கள். நாலே நாளில், டிசம்பர் 30 அன்று, வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று சொன்னதை நம்பி மத்திய உள்துறை மறுபடியும் சுனாமி எச்சரிக்கை விட்டு, பிணம் தேடிக்கொண்டிருந்த ஜனங்களை ஓடவிட்டு, அப்புறம் அறிவியல் அமைச்சரே அதை மறுத்த கூத்தும் நடந்தது. 2007 அக்டோபரில்தான் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் திறந்தார்கள். அங்கிருந்து வரும் எச்சரிக்கை இன்றைக்கு உங்கள் குப்பத்துக்கு எத்தனை நிமிஷத்தில் வந்து சேரும், யார் மூலமாக வரும், சைரன் வேலை செய்கிறதா? கலெக்டரின் மீனவர் குறைதீர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தங்கச்சிக்காகவே கேளுங்கள்.

நிலவில் மனிதன் இறங்கவே இல்லையாமே?
– புவனகிரி

இறங்கினான். 1969க்கும் 1972க்கும் நடுவில் ஆறு முறை. 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள், பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் சோதித்தன. அவர்கள் விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பாகத்தை நம் சந்திரயான்-2 கேமராவே படம் பிடித்திருக்கிறது.

திருநள்ளாறுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று விநாடி நிற்கிறது என்றும், சிதம்பரம் கோயில் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது என்றும் நாசா சொன்னதாகச் சொல்கிறார்கள். இதை மறுத்தால் நாத்திகன் என்கிறார்கள். நான் தினமும் கோயிலுக்குப் போகிறவன்.
– ஆசிரியர், காரைக்கால்

நீங்கள் தினமும் போவது சனீஸ்வரரைப் பார்க்க, நாசாவைப் பார்க்க இல்லையே சார். அதனால் தைரியமாக மறுக்கலாம்.

பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. மூன்று விநாடியில் அது திருநள்ளாறைத் தாண்டி 20 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிற செயற்கைக்கோள்கள் உண்டு, ஆனால் அவை பூமத்திய ரேகைக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன, மூன்று விநாடி இல்லை, வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கின்றன. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதால்தான் கேரளத்தில் இருக்கும் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் காந்தப்புல ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். சிதம்பரம் அந்தக் கோட்டில் இல்லை.

இந்தக் கதைகளோடு நிஜமும் கலந்து வரும், அதனால்தான் பிரிப்பது கஷ்டம். காளஹஸ்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்க ரேகையில் இருப்பது உண்மை, வரைபடத்தில் நீங்களே பார்க்கலாம். ஜெனிவாவில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை இருப்பதும் உண்மை, 2004இல் இந்திய அரசு கொடுத்தது. அதே சிலைக்கு முன்னால் நரபலி கொடுப்பதாக 2016இல் ஒரு வீடியோ வந்ததே, அது அங்கே நுழைய அனுமதி உள்ள யாரோ எடுத்த விளையாட்டு என்று செர்ன் சொன்னது. ‘நரகத்தின் கதவைத் திறக்கிறார்கள்’ என்று தமிழில் இன்னும் அது சுற்றுகிறது. நம் தில்லைக் கூத்தனைப் பேய் பூசைக்குச் சாட்சியாக நிறுத்திய வீடியோவை நம் ஆட்களே பக்தியோடு பகிர்ந்தது எனக்கு மனசு கேட்கவில்லை.

சிதம்பரம் கோபுர வாசலில் கரணங்கள் என்கிற 108 நடன நிலைகளையும் கல்லில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டுங்கள். வெளிநாட்டு விஞ்ஞானி வியந்தால்தான் நம் கோயிலுக்குப் பெருமை என்கிற எண்ணம் அவர்களுக்கு வராமல் இருக்கட்டும்.

என் நாத்தனார் குழந்தைக்குத் தடுப்பூசி போட மறுக்கிறார். மலடாக்கும் சதி என்று சொல்கிறார். படித்தவள் தானே என்று நான் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். இப்போது பேச்சுவார்த்தையே இல்லை.
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

முதலில் பேச்சுவார்த்தையைச் சரி செய்யுங்கள், தடுப்பூசி அப்புறம்.

இந்தப் பேச்சு புதுச்சேரிக்குப் புதிதில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. ‘ஏன் நம்மிடம் மட்டும் சோதிக்கிறார்கள்’ என்று உடனே கிளம்பிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரூபெல்லா கர்ப்பிணியைத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கண், காது, இதயம் எல்லாம் கெடும். நாளைக்கு அந்தப் பெண் குழந்தை தாயாகும்போது அவள் பிள்ளை நன்றாகப் பிறக்க வேண்டும் என்பதற்காகப் போடுகிற ஊசியைத்தான் மலடாக்கும் ஊசி என்றார்கள்.

இதை நீங்கள் எடுத்ததும் சொல்ல வேண்டாம். ‘உனக்கு எதில் பயம்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலும் சதிக்கு அடியில் ஒரு சின்ன அனுபவம் இருக்கும். முதல் ஊசிக்குக் குழந்தைக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல் அடித்திருக்கும், ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு யாரோ எரிந்து விழுந்திருப்பார்கள். அந்தக் கதையைக் கேட்டு முடித்த பிறகு, அங்கன்வாடிக்கு வரும் செவிலியரிடம் இரண்டு பேருமாகப் போங்கள். காய்ச்சல் ஏன் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், எப்போது பயப்பட வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அதன் எடையே வேறு. ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை. அந்தப் பொய்யை மறுப்பதற்காக நீங்களே திரும்பத் திரும்ப அதைச் சொல்லாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டதாலேயே ஒரு கூற்று உண்மைபோல் தோன்ற ஆரம்பிக்கிறது என்று 1977இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் மூன்று பேர் மாணவர்களிடம் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ரூபெல்லா என்ன செய்யும் என்பதை அதிகம் பேசுங்கள், மலட்டுக் கதையைக் குறைவாக.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக ஒரு செய்தி வந்தால் நாலு பேருக்கு அனுப்பி வைப்பதில் என்ன தப்பு? பொய்யாக இருந்தாலும் ஒரு ஜாக்கிரதைக்குத்தானே?
– வில்லியனூர்

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், சென்னையிலிருந்து குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர், வழி கேட்க வண்டியை நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊர் கூடி அடித்தே கொன்றது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் சுற்றியதும் ஜாக்கிரதைக்காக அனுப்பப்பட்ட செய்திகள்தான்.

அந்தச் சமயம் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில் பைக்கில் வரும் இரண்டு பேர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். கடைசியில் அவர்களே பையனைத் திரும்ப இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சந்தேகமான ஆள் யாரையாவது நீங்களே கண்ணால் பார்த்தால் 100க்கோ 112க்கோ, குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098க்கோ கூப்பிடுங்கள். கண்ணால் பார்க்காததை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எல்லாச் சந்தேகத்தையும் இப்படிச் சதிக் கதை என்று ஒதுக்கிவிட்டால் பெரிய கம்பெனிகளுக்குத்தானே வசதி? ராத்திரியில் புகை விடுகிறார்கள் என்று நாங்கள் சொன்னபோது எங்களையும் வதந்தி பரப்புகிறவர்கள் என்றார்கள்.
– குடிகாடு, கடலூர் சிப்காட் அருகே

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த மாதப் பக்கங்களைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்.

நீங்கள் சொல்வது சரி. சதி என்பது உலகத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932லிருந்து 1972 வரை, சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு இருந்த சிபிலிஸ் நோய்க்கு வைத்தியம் செய்யாமல், என்ன ஆகிறது என்று அரசாங்க டாக்டர்களே வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. சிகரெட் கம்பெனிகள் 1954 ஜனவரியில் நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒன்றாகச் சேர்ந்து விளம்பரம் கொடுத்து, புற்றுநோய்க்கும் புகைக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று சாதித்தன. ‘சந்தேகம்தான் நம் சரக்கு’ என்று 1969இல் ஒரு சிகரெட் கம்பெனியின் உள் குறிப்பே எழுதியது. அந்தக் குறிப்பு இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இவை வெளியே வந்தது எப்படி? உள்ளே இருந்த ஒருவர் மனசாட்சி தாங்காமல் காகிதங்களைக் கொடுத்தார், ஒரு நிருபர் பெயரும் தேதியும் போட்டு எழுதினார், நீதிமன்றம் கோப்பைக் கேட்டது.

அதை விட எனக்குப் பெரியது உங்கள் ஊர்க்காரர்கள் செய்தது. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சோனஞ்சாவடி ஜனங்கள் வருஷக்கணக்காக நாற்றம், கண் எரிச்சல், மூச்சு முட்டல் என்று மனு கொடுத்தார்கள். அதிகாரி வருவதற்குள் காற்று திரும்பிவிடும், ‘ஒன்றும் இல்லையே’ என்று எழுதிவிட்டுப் போவார். 2004 வாக்கில் கிராமத்து ஆண்களும் பெண்களுமே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்தார்கள். ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு விசேஷப் பை, காற்றை உள்ளே இழுக்க ஒரு சின்னப் பம்பு, அவ்வளவுதான் கருவி. நாற்றம் வந்த நிமிஷமே, அது நடு ராத்திரியாக இருந்தாலும், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றைப் பிடித்தார்கள். எந்த இடம், என்ன மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, வாடை எது போல இருந்தது, அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா என்று நோட்டில் எழுதினார்கள். பையை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருப்பதாக முடிவு வந்தது, அதில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. அதற்குப் பிறகு யாரும் ‘வதந்தி’ என்று சொல்லித் தப்ப முடியவில்லை. உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு வரைக்கும் விஷயம் போனது.

‘அவர்கள் நம்மை அழிக்கப் பார்க்கிறார்கள்’ என்று அந்த ஜனங்கள் ஒரு வீடியோ போட்டிருந்தால் லட்சம் பேர் பார்த்திருப்பார்கள், கம்பெனிக்கு ஒரு கீறல் கூட விழுந்திருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மணியையும் இடத்தையும் எழுதியதுதான் கம்பெனிகளுக்கு உறைத்தது. இப்போதும் நாற்றம் வந்தால் போனில் நேரம் தெரிகிற மாதிரி பதிவு செய்யுங்கள், காற்றின் திசையைச் சேர்த்து எழுதுங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தத் தேதிக்கான அளவீட்டைக் கேளுங்கள். ‘தகவல் இல்லை’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் அதுவே அடுத்த மனுவுக்கு ஆதாரம்.

அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து தினமும் குடும்பக் குரூப்பில் இந்த மாதிரி வீடியோக்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். குரூப்பை விட்டு வெளியேறிவிடலாமா?
– நெல்லிக்குப்பம்

வேண்டாம். குரூப்பில் எல்லார் முன்னாலும் திருத்தவும் வேண்டாம், அவருக்கு அது அவமானம். அவர் அனுப்பியதில் இரட்டை அம்புக்குறி போட்டு ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போன் செய்து, ‘அப்பா, இதை உங்களுக்கு யார் அனுப்பினார், அவருக்கு எங்கிருந்து வந்தது, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்’ என்று வேலையை அவரிடமே கொடுங்கள். முப்பது வருஷம் ஆபீஸில் கோப்பு பார்த்தவர் என்றால் விசாரிக்க அவருக்குத் தெரியும். மாலையில் அவர் போன் செய்து விவரம் சொன்னால், முழுசாகக் கேளுங்கள்.